சைவக்காரரின் மீன்கடை

என் கணவர் பிறந்ததிலிருந்து மீன் தின்றதில்லை. அவருடைய வீட்டில் முட்டைகூட வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. நான் அப்படியல்ல. மீன் இல்லாவிட்டால் சோறு இறங்காத வீட்டில் வளர்ந்தவள். கலியாணம் பேசும்போது இந்த விஷயம் வந்தது. நான் மீன், இறைச்சி, மச்சம் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன் என்று சொன்னேன். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. அதற்கு முதல் நாள்தான் மாப்பிள்ளையின் படத்தைக் காட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகு மீன் ஒரு பெரிய இழப்பாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட மனிதர்தான், தொண்ணூறுகளின் நடுவில், ஸ்காபுறோவில் ஒரு ஃபிஷ் அன்ட் சிப்ஸ் கடையை வாங்கினார்.

திடீரென்று வாங்கவில்லை. ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் அவருக்கு அகப்பட்ட முதல் வேலை அந்தக் கடையில்தான். ஒரு பக்கம் உடுப்புத் தோய்க்கும் கடை, மறுபக்கம் சப்பாத்துத் திருத்தும் கடை, நடுவில் இது. சொந்தக்காரர் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ஒரு கிழவர். உருளைக்கிழங்கு சீவுவதும் காசு வாங்கிப் போடுவதும் என் கணவரின் வேலை. பொரிப்பது கிழவர் மட்டுந்தான். பொரிக்கும் தொட்டிக்குக் கிட்ட வேறு யாரையும் விடமாட்டார். முன்பு இருந்த வேலையாட்கள் எல்லாரும் மீனை எடுத்துத் தின்றார்கள் என்று அவருக்கு ஒரு கோபம் இருந்தது. இவரோ மத்தியானச் சாப்பாட்டுக்குச் சிப்ஸ் மட்டும் எடுத்துக்கொண்டு, மீன் தட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பினார். இவ்வளவு நேர்மையான மனிதனைத் தான் கண்டதேயில்லை என்று கிழவர் தன் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னாராம். கொஞ்ச நாளில் கடையைப் பூட்டித் திறக்கும் திறப்பு இவர் கைக்கு வந்துவிட்டது.

வேலை முடிந்து வந்ததும் நேரே குளியலறைக்குப் போவார். தோய்ந்த பிறகுதான் சாமி அலுமாரியைத் திறந்து விளக்கேற்றுவார். எங்கள் அப்பார்ட்மென்டில் சாமிகளுக்கு வேறு இடமில்லாததால், உடுப்பு வைக்கும் அலுமாரியின் மேல்தட்டில் குடியிருந்தார்கள். அவருடைய குளிர்கோட் மட்டும் தோயாது. அதைக் கொளுவும்போது நான் ஒரு கணம் மூக்கோடு சேர்த்துப் பிடிப்பேன். மீன் விட்டு எத்தனையோ வருடமாகிவிட்ட எனக்கு அது ஒரு சின்னச் சந்தோசம். அவரிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஒரு பெரிய பையில் சிப்ஸ் கொண்டுவருவார். வெள்ளிக்கிழமை கத்தோலிக்கர்கள் இறைச்சியை விட்டு மீனுக்கு வருவார்கள். கடை நிரம்பி வழியும். நாங்கள் மீனையும் விட்டவர்கள் ஆதலால் எங்களுக்குச் சிப்ஸ். விளக்கேற்றி, தேவாரம் பாடி, விபூதி பூசிக்கொண்டு, நானும் அவரும் கீழ்மாடியில் இருந்த இன்னொரு சைவக் குடும்பமும் நிலத்தில் வட்டமாக இருந்து அந்தச் சிப்ஸைச் சாப்பிடுவோம். அப்படியொரு சிப்ஸை நான் அதற்கு முன் தின்றதில்லை. வெளியே மொறுமொறுவென்று, உள்ளே மாவாக, ஆறின பிறகும் கை நிற்காது. கனடாவில் சைவமாக இருப்பது கஷ்டம் என்று யார் சொன்னது என்று கீழ்வீட்டு அம்மா கேட்பார்.

பிறகு கிழவருக்கு முழங்கால் போய்விட்டது. விட்பி என்ற பக்கத்து ஊரில் புதிதாக வீடு வாங்கியிருந்த மகள், கடையை விற்றுவிட்டுத் தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். கிழவர் வேறு யாரையும் தேடவில்லை. மீனைத் தொடாத மனிதனிடம்தான் மீன்கடையைக் கொடுப்பேன் என்று நின்றார். நாங்களும் எல்லாரையும் போலச் சீட்டு எடுத்து, சொந்தங்களைப் பிடித்து, எப்படியோ வாங்கினோம். கிழவர் வைத்த ஒரே நிபந்தனை, ஒன்றையும் மாற்றக்கூடாது என்பது. பெயர்ப்பலகை, மேசை, வினாகிரிப் போத்தல், ஒன்றையும்.

கடையைப் பொறுப்பெடுத்த அன்று பின்னேரம் என் கணவர் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமலே குளியல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"இஞ்சேருங்கோ, என்ன, சுகமில்லையோ?" என்று கேட்டேன்.

"அந்தக் கொழுப்பு."

"எந்தக் கொழுப்பு?"

"பொரிக்கிற கொழுப்பு. பெட்டியிலை வெள்ளைக் கட்டியா வரும், நான் மாஜரின் மாதிரி ஏதோ எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். இண்டைக்குத்தான் கிழவர் தொட்டிக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவர். அது மாட்டுக் கொழுப்பு."

எனக்கு உடனே விளங்கவில்லை. "மீன் பொரிக்கிறதுக்கோ?"

"மீனும் அதிலைதான். சிப்ஸும் அதிலைதான்."

இவருக்காக நான் மீனை விட்டேன். விட்டுவிட்டு, விபூதி பூசிய நெற்றியோடு, வெள்ளிக்கிழமை தவறாமல் மாட்டுக் கொழுப்புத் தின்றிருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைப் பார்த்ததும் அதை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

"கீழ்வீட்டுக்கு என்ன சொல்லுறது?" என்று கேட்டார்.

"ஒண்டும் சொல்லாதையுங்கோ. அந்த அம்மா தாங்கமாட்டா."

அடுத்த நாள் காலை கோயிலுக்குப் போனோம். அவர் ஐயரைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார். ஐயர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தெரியாமல் நடந்ததுதானே. ஒரு அர்ச்சனை செய்வம். இனி என்னமாதிரி?"

"இனி மரக்கறி எண்ணெய்தான், ஐயா."

"நல்லது. அப்ப கடைக்கும் சேர்த்துச் செய்வமே? கடையின்ரை நட்சத்திரம் என்ன?"

என் கணவர் யோசித்து, திறப்பு முழுதாகக் கைமாறிய நாளின் நட்சத்திரத்தைச் சொன்னார். ரேவதி. ஸ்கொட்லாந்துப் பெயர் கொண்ட, ரேவதி நட்சத்திரத்தில் பிறந்த அந்தக் கடைக்கு ஐயர் நீண்ட ஆயுள் வேண்டினார். அந்தப் பெயரை மந்திரத்தின் நடுவில் சொல்ல அவர் பட்ட பாடு எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

மரக்கறி எண்ணெய் வந்தது. கிழவர் சொல்லிக்கொடுத்தபடி மா கரைத்து, ஹடொக் மீனைத் தோய்த்து, என் கணவர் முதல் துண்டைப் பொரித்து எடுத்தார். எடுத்த பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. அது எப்படி இருக்கிறது என்று அவரால் சொல்லமுடியாது.

"நீதான் திண்டு பார்க்கவேணும்," என்றார்.

"நானோ?"

"வேறை ஆர்?"

கலியாணமான நாளிலிருந்து தொடாத மீனை, யாருக்காக விட்டேனோ அவரே தட்டில் வைத்து, முள்ளுக்கரண்டியும் தந்து, கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார். நான் ஒரு வாய் வைத்தேன். உப்பில்லாத, புளியில்லாத, உறைப்பில்லாத வெள்ளை மீன். ஆனாலும் மீன். என் கண் கலங்கிவிட்டது.

"என்ன, கூடாதோ?" என்று பதறினார்.

"சூடு," என்றேன்.

அன்றிலிருந்து தினமும் மீன் தின்பது என் வேலையாயிற்று. தின்னாமல் விட்டால் அவருக்குக் கோபம் வரும்.

கடையின் பழைய வாடிக்கையாளர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பிரச்சினை. எங்கள் ஆட்கள் என்றால் வாயில் வைத்ததும் சொல்லிவிடுவார்கள். ஒரு இளைஞன் மீனை விரலால் அமத்திப் பார்த்து, "அன்ரி, உது என்ன, பஞ்சு மாதிரிக் கிடக்கு? கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டா என்ன?" என்று கேட்டான். ஒன்றையும் மாற்றுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்றார் என் கணவர், கடையின் உயிரையே மாற்றிவிட்ட பிறகு. வெள்ளைக்காரர்களோ நன்றி சொல்லி, நல்லாயிருந்தது என்று சொல்லி, பிறகு வராமல் விட்டார்கள். இழுக்கும் வண்டிலோடு வந்து எப்போதும் யன்னலோர மேசையில் இருக்கும் ஒரு இங்கிலாந்துக்காரப் பாட்டி, பாதி மீனைக் கடதாசியில் மடித்துவைத்து, அருமை என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அவரைக் கண்டேன். கையில் வேறொரு கடையின் பை, அடியில் எண்ணெய் ஊறியிருந்தது. அவரும் நானும் பஸ் வரும் திசையை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்தக் குளிர்காலத்தில் கடை பூட்டுகிற திங்கட்கிழமைகளில் மற்ற மீன்கடைகளைப் பார்க்கப் போனோம். நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ரெக்ஸ்டேல் வரைக்கும் போயிருக்கிறோம். நான் உள்ளே போய்ச் சாப்பிடுவேன். அவர் வாசலில் நின்று மூக்கால் படிப்பார். ஒரு நல்ல கடை எது என்பதில் அப்போது எங்கள் இருவருக்கும் சில நம்பிக்கைகள் ஏற்பட்டன. பீட்சாவும் பேர்கரும் விற்கிற இடத்தில் மீன் நன்றாக இருக்காது. அந்த மனிதருக்கே தன் மீனில் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். யன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து உள்ளே ஒன்றும் தெரியாவிட்டால் துணிந்து போகலாம். சொந்தக்காரர் சிரித்து வரவேற்றால் யோசிக்கவேண்டும். நல்ல கடைக்காரருக்குத் தலை நிமிர்த்த நேரமில்லை. கதிரைகள் வசதியாக இருக்கக்கூடாது. எலுமிச்சம்பழத்தைப் பூப்போல வெட்டிவைத்தால் எழும்பி வந்துவிடலாம். மீனை ஓடர் வந்த பிறகுதான் பொரிக்கவேண்டும். முன்கூட்டியே பொரித்து விளக்குக்குக் கீழே அடுக்கிய மீன் முன்னாள் மீன். உருளைக்கிழங்கு பழசாக இருக்கவேண்டும், எண்ணெய் புதிதாக இருக்கவேண்டும். பல கடைகளில் இது நேர்மாறு.

ஒரு திங்கட்கிழமை, ஒரு சின்னக் கடையிலிருந்து நான் வெளியே வந்ததும் அவர் கேட்டார்.

"எப்பிடி?"

"நல்லாயிருக்கு."

"எங்கடையை விடவோ?"

நான் காருக்குள் ஏறினேன். அவர் காரை எடுக்கவில்லை.

"உண்மையைச் சொல்லு."

"இஞ்சேருங்கோ, கிழவரின்ரை மீனை நான் திண்டதில்லை. ஆனா அவரின்ரை சிப்ஸ் திண்டனான். நீங்கள் இப்ப பொரிக்கிறது அது இல்லை."

"நான் நல்லாத்தானே பொரிக்கிறன்?"

"நீங்கள் வடிவாத்தான் பொரிக்கிறியள். எண்ணெய்தான் சரியில்லை."

அந்த வாரம் கிழவரிடமிருந்து ஒரு தொலைபேசி வந்தது. பெரிய வெள்ளிக்கு மகளோடு வந்து சாப்பிடப்போகிறாராம். பெரிய வெள்ளி மீன்கடைக்காரருக்குத் தேர்த் திருவிழா மாதிரி. அன்று தோற்றால் வருடம் முழுவதும் தோல்விதான். என் கணவர் ரிசீவரை வைத்துவிட்டு, சாமி அலுமாரிக் கதவைத் திறந்து, விளக்கேற்றாமல் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். சாமிகள் ஏதாவது சொல்லட்டும் என்று காத்திருந்தமாதிரி இருந்தது.

சில நாட்கள் கழித்து ஒரு காலை, கடைக்குள் வெள்ளைக் கட்டிப் பெட்டிகள் இறங்கியிருந்தன.

"முடிவெடுத்திட்டியளோ?" என்று கேட்டேன்.

"நான் வாங்கினது ஒரு கடையை. அந்தக் கடை இந்தக் கொழுப்புத்தான். இல்லையெண்டால் நான் வேறை கடை நடத்தவேணும், பேரை மட்டும் வைச்சுக்கொண்டு. அது களவு." பெட்டியை உடைத்தபடியே சொன்னார். "நான் திண்ணப்போறதில்லை. பொரிக்கிறது என்ரை தொழில். ஆனா எங்கடை சனம் தெரியாமல் திண்டுபோட்டுப் போகக்கூடாது. எனக்கு நடந்தது இன்னொருத்தருக்கு நடக்கக்கூடாது."

அதற்காக ஒரு மட்டையில், ஊரில் கந்தோர் உத்தியோகத்தில் எழுதிப் பழகிய அழகான கையெழுத்தில், தமிழில் எழுதினார்: "அறிவித்தல். இக்கடையில் மீனும் உருளைக்கிழங்கும் மாட்டுக் கொழுப்பிலேயே பொரிக்கப்படுகின்றன. சைவ அன்பர்கள் கவனிக்கவும்." அதைக் கண்ணாடியில், வெளியே பார்க்க ஒட்டினார்.

"ஏன் தமிழிலை மட்டும்?"

"மற்ற ஆரும் கேட்டால் வாயாலை சொல்லுவன். எங்கடை ஆக்கள் கேக்கமாட்டினம். வீட்டை போய்த்தான் கதைப்பினம்."

சைவ அன்பர்கள் கவனித்தார்கள். அந்த வாரமே ஸ்காபுறோ முழுவதும் செய்தி பரவியது. எனக்குத் தெரியாத ஆட்களெல்லாம் தொலைபேசியில் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். கீழ்வீட்டு அம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வந்து நின்று என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இனித் தமிழர் ஒருவரும் படியேறமாட்டார்கள் என்று நான் நினைத்தேன்.

நடந்தது வேறு. மாட்டுக் கொழுப்பில் பொரித்தது எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க அவர்களுக்கு அதுவரை ஒரு வழி இருக்கவில்லை. இப்போது விலாசத்தோடு ஒரு விளம்பரம் கிடைத்துவிட்டது. அதுவரை மிளகாய்த்தூள் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவர்கள், கோட்டின் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண் மட்டையை முழுதாக வாசித்து முடித்துவிட்டு உள்ளே வந்தார்.

"அண்ணை, வேறை எண்ணெயிலை பொரிக்கிறேல்லையோ?"

"இல்லைத் தங்கச்சி. எல்லாம் இதிலைதான்."

அவர் மிகவும் வேதனையோடு தலையை ஆட்டினார். "அப்ப என்ன செய்யிறது. குடும்பத்துக்குப் போதுமான அளவு கட்டித்தாங்கோ."

ஒருமுறை, ஒரே கோயிலில் ஒரே வடம் பிடிக்கும் இருவர் வரிசையில் முன்னும் பின்னுமாக அகப்பட்டுக்கொண்டார்கள்.

"என்ன, இந்தப் பக்கம்?"

"பஸ்ஸுக்கு நிக்கிறன். குளிராக் கிடந்தது, உள்ளுக்கை வந்தனான்."

"நானும் அப்பிடித்தான்."

பஸ் நிறுத்தம் தெருவின் மறுபக்கத்தில் இருந்தது. இருவரும் ஆளுக்கொரு பொதியோடு அதை நோக்கி நடப்பதை நானும் என் கணவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் சிரிக்கவில்லை. "பாவங்கள்," என்றார். அவர் கொண்டுவந்த சோறும் பருப்பும் பின் அறையில் அவருக்காகக் காத்திருந்தன. சிப்ஸை அவர் மாட்டுக் கொழுப்பு என்று தெரிந்த அன்றைக்கு விட்டதுதான், பிறகு தொடவேயில்லை.

பெரிய வெள்ளியன்று வரிசை சப்பாத்துக் கடையையும் தாண்டிப் போனது. ஏப்ரல் குளிரில் இங்கிலாந்துக்காரர், பிலிப்பினோக்காரர், கரிபியன்காரர், எங்கள் தொப்பிக்காரர் எல்லாரும் மூச்சால் புகைவிட்டுக்கொண்டு நின்றார்கள். இழுக்கும் வண்டில் பாட்டியும் நின்றார். யாரும் அவருக்குச் சொல்லியிருக்கமுடியாது. காற்றில் போன வாசனைதான் சொல்லியிருக்கும். உள்ளே வந்து, நேற்றுத்தான் வந்துபோனவர் மாதிரி, வழமையானது என்று ஓடர் கொடுத்தார்.

கிழவர் தடியூன்றி வந்தார். வாசலில் மட்டையைப் பார்த்து நின்றுவிட்டார். இது என்ன எழுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். என் கணவர் ஆங்கிலத்தில் விளங்கப்படுத்தினார். கிழவரின் வாய் திறந்தபடி நின்றது. இந்தக் கொழுப்பு ரகசியத்தை என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை, நீ கண்ணாடியில் ஒட்டிவைத்திருக்கிறாய் என்றார். பிறகு வரிசையில் நின்ற எங்கள் ஆட்களைப் பார்த்துவிட்டு, இவர்கள் அதை வாசித்துவிட்டா நிற்கிறார்கள் என்று கேட்டார். ஓம், அதனால்தான் நிற்கிறார்கள் என்றேன் நான்.

அவருக்கு யன்னலோர மேசையில் இடம் கிடைத்தது. என் கணவர் பொரித்த மீனை நானே கொண்டுபோய் வைத்தேன். தொட்டிக்குப் பின்னால் இவர் பொரிப்பதை நிறுத்தாமலே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். கிழவர் முதலில் மீனை முள்ளுக்கரண்டியால் தட்டிச் சத்தம் கேட்டார். பிறகு ஒரு வாய். பிறகு தட்டு வெறுமையாகும்வரை சாப்பிட்டார்.

"பரவாயில்லை," என்றார்.

இதை நான் சொன்னதும் என் கணவரின் முகம் விழுந்துவிட்டது. "பரவாயில்லையாமோ? அவ்வளவுதானோ?" என்று பின்னேரம்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா ஒரு மீனைப் பற்றி அவ்வளவுகூடச் சொல்லித் தான் கேட்டதேயில்லை என்று மகள் சொன்ன பிறகுதான் கொஞ்சம் ஆறினார்.

கடை அதன்பிறகு நன்றாக ஓடியது. கோயிலில் ஐயர் எங்களைக் கண்டால் கடையின் சுகம் விசாரிப்பார். எண்ணெயைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. சில வருடங்கள் போக, கிழவருக்குச் சுகமில்லாமல் போய், வருத்தம் கடுமையாகி, வீட்டை விட்டு வெளியே வரமுடியாமல் போயிற்று. ஒருநாள் மகள் கூப்பிட்டு, அப்பா வேறொன்றையும் சாப்பிடுகிறாரில்லை, மீன் கேட்கிறார் என்றாள். என் கணவர் கடையை என்னிடமும் விடவில்லை. பூட்டிவிட்டு இருவருமாகப் புறப்பட்டோம். பொதியைத் துவாயால் சுற்றி என் மடியில் வைத்து, ஆவி போவதற்கு யன்னலைச் சற்றுத் திறந்து, குளிரில் நடுங்கிக்கொண்டு விட்பிக்குப் போனோம். நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெரிந்து நின்றன. என் மடியில் மீன் மெதுவாகத் துவண்டுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. முன்னால் நின்ற காரின் சிவப்பு விளக்கு எரியும்போதெல்லாம் அவர் பெருமூச்சு விட்டார்.

மகள் அன்பான பெண். பொதியை வாங்கி, ஆறிவிட்டதே என்று சொல்லி, மீனையும் சிப்ஸையும் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மைக்ரோவேவுக்குள் வைத்துப் பொத்தானை அமத்தினாள்.

சக்கர நாற்காலியில் இருந்த கிழவர் கண்ணை இறுக மூடினார். பக்கத்தில் நின்ற என் கணவர், வாழ்நாளில் ஒரு துண்டு மீன் தின்னாத மனிதர், அடிவயிற்றில் குத்து வாங்கியவர்போல மேசையைப் பிடித்துக்கொண்டார். பெட்டிக்குள் கோப்பை சுற்றிக்கொண்டிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் மனம் நோகக்கூடாது என்பதற்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. மணி அடித்தது. கிழவர் துவண்டுபோன அந்த மீனை வாங்கி, கடைசித் துண்டுவரை சாப்பிட்டு, மகளுக்கு நன்றி சொன்னார். பிறகு என் கணவரின் கையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் ஏதோ சொன்னார்.

திரும்பி வரும்போது என்ன சொன்னவர் என்று கேட்டேன்.

"அடுத்தமுறை பொரிக்கிற தொட்டியையும் கொண்டு வரட்டாம்," என்றார்.